‘எம்’: மக்களின் பெயரால் ஒரு தீர்ப்பு

குற்றம் புரிந்தவனை ஒறுப்பதா, திருத்துவதா என்னும் வினா மிகப் பழையது. திருடனைப் பற்றியும் வஞ்சகனைப் பற்றியும் இவ்வினாவை அமைதியாக அலசிப் பார்க்க நம்மால் இயலுகிறது. ஆயின் ஒரு வகைக் குற்றத்தின் முன்னே மட்டும் அந்த அமைதி நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. சிறு பிள்ளைகளின்மீது காமவெறி கொண்டு பாய்பவன், ஒருமுறை சிறை சென்று மீண்ட பின்னரும் அதே கொடுமையைச் செய்பவன், அவனைப் பற்றிய பேச்சு எழுந்தால் பொறுமைக்குப் பெயர் பெற்ற பெரியவர்களும், “அவனுக்கு விசாரணை ஒரு கேடா?” என்று சினந்து எழுகின்றனர். அச்சினத்தை நாம் இகழவில்லை. பிள்ளை பெற்ற எவர்க்கும் அது இயல்பு. எனினும், அச்சினம் சட்டத்தின் ஆசனத்தில் ஏறி அமரும்போது என்ன நேர்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும் நம் கடமையே.

அக்கடமையைக் கலை வழியாக ஆற்றிய படைப்பு ஒன்று உண்டு. ஃபிரிட்ஸ் லாங் இயக்கத்தில் 1931ஆம் ஆண்டு பெர்லினில் வெளிவந்த ‘எம்’ என்னும் ஜெர்மன் திரைப்படமே அது. தமிழ்த் திரை ‘காளிதாஸ்’ படத்தின் வாயிலாகப் பேசத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். லாங்கின் முதல் பேசும்படமும் இதுவே. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இப்படம் எழுப்பிய வாதம் முடிந்தபாடில்லை. ஆகவே, இதனைப் பழம்பொருளாகப் போற்றாமல், நம்மோடு வழக்காடும் ஒரு படைப்பாகக் கொண்டு ஆராய விழைகின்றோம்.

அச்சம் சூழ்ந்த காலம்

1929ஆம் ஆண்டில் டுஸ்ஸல்டார்ஃப் நகரை ஒரு பேரச்சம் கவ்வியிருந்தது. பெண்களும் சிறுமியரும் அடுத்தடுத்துக் கொலையுண்டனர். 1930ஆம் ஆண்டு மே மாதத்தில் பீட்டர் கூர்ட்டன் என்பவன் பிடிபட்டான். அவன் சட்டத்துக்குப் புதியவன் அல்லன். தன் வாழ்நாளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறைகளில் கழித்தவன். 1931 ஏப்ரலில் ஒன்பது கொலைகளுக்காக அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜூலை 2ஆம் நாள் கொலோன் நகரச் சிறையில் அவன் தலை துண்டிக்கப்பட்டது. அத்தீர்ப்புக்கும் அதன் நிறைவேற்றத்துக்கும் இடைப்பட்ட நாட்களில், மே 11ஆம் நாள், ‘எம்’ பெர்லினில் திரையிடப்பட்டது.

அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர்களின் மனநிலையை நாம் ஊகித்துப் பார்க்கலாம். ஒரு கொலைஞனின் தலை இன்னும் உருளவில்லை. அதற்குள் இன்னொரு கொலைஞன் வெண்திரையில் தோன்றித் தன் நெஞ்சைத் திறந்து காட்டுகிறான். அந்தத் துணிவே இப்படத்தின் முதற் சிறப்பு.

காட்டாமல் காட்டும் கலை

சிறுவர் சிறுமியர் முற்றத்தில் வட்டமாக நின்று, கொலைகாரன் வருவான் என்று பாடி விளையாடுகின்றனர். மாடியில் துணி வெளுத்துப் பிழைக்கும் தாய் ஒருத்தி மகளின் வரவை எதிர்நோக்கி உணவுத் தட்டை எடுத்து வைக்கிறாள். கடிகாரம் மணி சொல்கிறது. பள்ளி விட்டுப் பிற பிள்ளைகள் வந்துவிட்டனர்; எல்ஸி மட்டும் வரவில்லை. தெருவில் அச்சிறுமி விளம்பரத் தூண் ஒன்றில் பந்தை எறிந்து விளையாடுகிறாள். அத்தூணில் ஒட்டப்பட்டிருப்பது, கொலைஞனைக் காட்டிக் கொடுப்பவர்க்குப் பத்தாயிரம் மார்க் பரிசு என்னும் அறிவிப்பு. அந்த அறிவிப்பின் மீதே ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. கனிந்த குரலில் அவன் அவளது பந்தைப் புகழ்கிறான்.

பிறகு நாம் காண்பவை யாவும் வெறுமையே. வெறுமையான மாடிப்படி, வெறுமையான தட்டு, புதர் மறைவிலிருந்து உருண்டு வந்து நிற்கும் பந்து, மின்கம்பிகளில் சிக்கித் தவித்துப் பறந்து போகும் பலூன். தாயின் அழைப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு துளிக் குருதியையும் காட்டாமல், ஒரு தீண்டலையும் காட்டாமல், ஒரு குடும்பம் அழிந்ததை லாங் சொல்லி முடித்துவிடுகிறார்.

இதனை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமையை எழுதப் புகும் பலரும், படமெடுக்கப் புகும் பலரும், கண்டிக்கிறோம் என்னும் பெயரால் அக்கொடுமையையே விரித்துக் காட்டிச் சுவைக்க வைக்கின்றனர். செய்தித்தாள்கள் இதில் முந்தி நிற்கின்றன. லாங் அத்தகைய வணிகத்தை ஏற்கவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் மானத்தைப் படைப்பாளன் காத்தல் வேண்டும் என்னும் நெறி இப்படத்தில் இயல்பாகவே அமைந்துள்ளது.

படத்துக்குப் பின்னணி இசையே இல்லை. கொலைஞன் வாயால் எழுப்பும் சீழ்க்கை ஒன்றே இசை. நார்வே நாட்டு இசைஞர் கிரீக் அமைத்த ஒரு மெட்டை, வெறி எழும் வேளைகளில் அவன் சீழ்க்கையடிக்கிறான். ஈற்றில் அவனை அடையாளம் காண்பவர், பலூன் விற்கும் பார்வையற்ற ஒருவரே. கண்ணுள்ள நகரம் முழுதும் தேடித் தோற்றவனைச் செவி கண்டுபிடிக்கிறது.

காவல்துறையின் சோதனைகளால் நகரத்துக் கள்வர் கூட்டத்தின் தொழில் கெடுகிறது. ஆகவே அவர்களும் அவனைத் தேடப் புறப்படுகின்றனர். காவல் அதிகாரிகளின் ஆலோசனைக் கூட்டத்தையும் கள்வர் தலைவர்களின் கூட்டத்தையும் லாங் மாறி மாறிக் காட்டுகிறார். இங்கே ஒருவர் தொடங்கிய கையசைவை அங்கே மற்றொருவர் முடிக்கிறார். இரண்டு கூட்டத்திலும் அதே புகை, அதே சினம். ஒழுங்கைக் காப்போரும் ஒழுங்கைக் குலைப்போரும் ஒரு வெறுப்பின் முன்னே ஒன்றாகிவிடும் காட்சி இது. பிச்சைக்காரர்கள் தெருக்களைக் கண்காணிக்கின்றனர். ஓர் இளைஞன் தன் உள்ளங்கையில் சுண்ணக்கட்டியால் ‘எம்’ என்னும் எழுத்தை வரைந்து, கொலைஞனின் தோளில் தட்டி அதனைப் பதித்துவிடுகிறான். கொலைஞன் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. கண்ணாடியில் அதனைக் கண்டு ஹான்ஸ் பெக்கர்ட் நடுங்கும் முகமே பலர் நினைவில் நிற்கும் படம்.

காவலர்களோ வேறு வழியில் அவனை நெருங்குகின்றனர். மனநோய் மருத்துவமனைகளிலிருந்து, தீங்கற்றவர் என்று விடுவிக்கப்பட்டோரின் பட்டியலை வாங்கி ஆராய்கின்றனர். அப்பட்டியலில் பெக்கர்ட்டின் பெயர் இருக்கிறது. ஆக, இவன் முன்னரே பிடிபட்டவன், பராமரிக்கப்பட்டவன், விடுவிக்கப்பட்டவன். மீண்டும் மீண்டும் இக்குற்றம் புரிவோனை என்ன செய்வது என்னும் வினாவைக் கதையின் நடுவிலேயே லாங்கும், கதை வசனத்தில் பங்கேற்ற தியா ஃபான் ஹார்பூவும் நட்டுவைத்துள்ளனர்.

நிலவறை மன்றம்

கைவிடப்பட்ட மது ஆலை ஒன்றின் நிலவறையில் கள்வர்கள் ‘நீதிமன்றம்’ கூட்டுகின்றனர். படத்தின் உயிர்நிலை இக்காட்சியே. நடுவராக அமர்ந்திருப்பவன் மூன்று கொலைகளுக்காகக் காவல்துறையால் தேடப்படுபவன். குற்றவாளிக்கு வாதாட ஒருவரையும் அவர்களே நியமிக்கின்றனர். எதற்கு இந்த வேடம்? முறைப்படி தீர்த்தோம் என்னும் மனநிறைவு கொலைக் கும்பலுக்கும் வேண்டியிருக்கிறது.

இங்கே மூன்று குரல்கள் ஒலிக்கின்றன. முதலாவது, கூட்டத்தின் குரல். இவனைச் சட்டத்திடம் ஒப்படைத்தால் மனநோயாளி என்பார்கள். அரசின் செலவில் உண்டு வாழ்வான். தப்புவான் அல்லது மன்னிக்கப்படுவான். வெளியே வந்து மறுபடியும் வேட்டையாடுவான். ஆகவே, வெறிநாயைப் போல் கொன்றொழிப்பதே வழி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் நெஞ்சம் எப்படி எரியும் என்று ஒரு பெண் கதறுகிறாள். அக்கதறலுக்கு விடை சொல்ல எவராலும் இயலாது.

இரண்டாவது, பெக்கர்ட்டின் குரல். பீட்டர் லோர் என்னும் நடிகர் மண்டியிட்டுக் கண்கள் பிதுங்கப் பேசும் அப்பேச்சு உலகத் திரையின் அரிய தருணங்களுள் ஒன்று. நீங்களெல்லாம் விரும்பித் திருடுகிறீர்கள். உழைத்துப் பிழைக்கும் வழி உங்களுக்கு உண்டு. எனக்கோ தெரிவு இல்லை. உள்ளே நெருப்பு எரிகிறது. என்னை நானே துரத்துகிறேன் என்னும் பொருள்பட அவன் அலறுகிறான். அவனைக் கேட்கையில் நமக்கு இரக்கம் பிறக்கிறது. இரக்கம் பிறந்ததே என்று நம்மீதே நமக்கு அருவருப்பும் பிறக்கிறது. இவ்விரண்டையும் ஒரே நொடியில் எழுப்பியதே லாங்கின் வெற்றி.

மூன்றாவது, வாதாடுவோனின் குரல். தன்னை அடக்க இயலாதவனைப் பொறுப்பாளி ஆக்கலாகாது. நோயாளியைக் கொலைக்களத்துக்கு அனுப்பலாகாது, மருத்துவரிடமே அனுப்புதல் வேண்டும். அவன் பிறர்க்குத் தீங்கு செய்யாதவாறு காப்பது அரசின் கடமை என்கிறான் அவன். கூட்டம் நகைத்து ஊளையிடுகிறது.

கூட்டம் பாயும் வேளையில் காவலர் வந்துவிடுகின்றனர். அடுத்த காட்சியில் உண்மையான நீதிபதிகள், மக்களின் பெயரால் என்று தொடங்குகின்றனர். தீர்ப்பு என்ன என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. கறுப்புடை அணிந்த தாய்மார் தோன்றுகின்றனர். இதனால் எங்கள் பிள்ளைகள் திரும்பி வரப் போவதில்லை. பிள்ளைகளை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும் என்னும் கருத்துடன் படம் முடிகிறது.

தீர்ப்பை மறைத்தது தப்பித்தல் என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. தலை கொய்யப்பட்டது என்று காட்டியிருந்தால் பாதிப் பேர் நிறைவோடு வீடு திரும்பியிருப்பர். மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான் என்றால் மறுபாதியினர். எவரையும் நிறைவோடு அனுப்ப லாங் விரும்பவில்லை.

படத்தின் குறைகள்

போற்றுதல் மட்டும் திறனாய்வு ஆகாது. இப்படத்தில் இரண்டு குறைகளை நாம் காண்கின்றோம்.

முதற் குறை, கொடியவனை ஓர் அந்நியனாகவே வைத்தது. முன்பின் அறியாத ஒருவன் தெருமுனையில் இனிப்பும் பலூனும் வாங்கிக் கொடுத்துப் பிள்ளையைக் கவர்கிறான். இச்சித்திரம் நம் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. ஆனால் உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. நம் நாட்டின் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்துள்ள கணக்குகளில், பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே அறிமுகமானவர் எனக் காணப்படுகிறது. உறவினர், அண்டை வீட்டார், கற்பிப்பவர், குடும்ப நண்பர் என அப்பட்டியல் நீளும். அந்நியனைத் தேடித் தெருவைக் காவல் காக்கும் நாம், வீட்டினுள் இருப்பவனைக் காணத் தவறுகிறோம். கூர்ட்டனேகூட மனைவியோடு வாழ்ந்து, அக்கம்பக்கத்தாரிடம் ஒழுங்கானவன் என்று பெயர் எடுத்திருந்தவன்தான்.

இரண்டாவது குறை, இறுதியில் முழுச் சுமையையும் தாய்மார் தலையில் ஏற்றியது. நாள் முழுதும் துணி வெளுக்கும் ஒருத்தி மகளை எப்படிப் பின்தொடர்வாள்? ‘இன்னும் கவனமாகக் காத்திருக்க வேண்டும்’ என்பது பிள்ளையை இழந்த தாயின் வாயிலிருந்தே வருகையில் நெஞ்சை உலுக்குகிறது. ஆயினும் அது பாதிக்கப்பட்டவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சுக்கு வாசல் திறந்துவிடுகிறது. நம்மிடையேயும் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் முதலில் எழும் வினா, “உம்மா எங்கே போயிருந்தாள்?” என்பதுதானே! தந்தையும் ஊரும் அரசும் எங்கே போயிருந்தன என்று எவரும் கேட்பதில்லை.

திரைக்கு வெளியே தொடர்ந்த வழக்கு

நிலவறையில் ஊளையிட்ட கூட்டம் இரண்டே ஆண்டுகளில் ஆட்சிக்கு வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. 1933 நவம்பர் 24ஆம் நாள் ஹிட்லரின் அரசு, பழகிய குற்றவாளிகளுக்கு எதிரான சட்டத்தை இயற்றியது. தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் ஒருவனை வரம்பின்றிக் காவலில் வைக்க அது வழி செய்தது. பாலியல் குற்றவாளிகளுக்கு ஆண்மை நீக்கம் செய்யவும் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அக்கத்திக்கு ஆளாயினர். ‘எம்’ படம் 1934இல் தடை செய்யப்பட்டது. யூதரான லோர் நாட்டை விட்டு வெளியேறினார், லாங்கும் வெளியேறினார். 1940இல் யூதர்களை இழிவுபடுத்த எடுக்கப்பட்ட ஒரு பிரசாரப் படத்தில் லோரின் அந்தக் கடைசிப் பேச்சை வெட்டி ஒட்டினர். கொலைஞனின் அலறல், ஓர் இனத்தின் இயல்புக்குச் சான்றாகக் காட்டப்பட்டது!

இதிலுள்ள பாடம் யாது? எவரும் இரங்காத ஒரு கூட்டத்தின் மீது முதலில் தீட்டப்படும் கத்தி, பிறகு உறையில் கிடப்பதில்லை. கொடியவன் என்னும் முத்திரையைக் குத்தும் அதிகாரம் ஒருமுறை கட்டவிழ்ந்துவிட்டால், அது அடுத்து யார் தோளில் பதியும் என்பதை எவரும் அறியார். சிறுபான்மையாக வாழும் எவரும் இதனை மறத்தலாகாது.

போருக்குப் பின், 1946இல், நேச நாடுகளின் ஆணையால் ஆண்மை நீக்கப் பிரிவு ஒழிக்கப்பட்டது. ஆனால் தண்டனைக்குப் பிந்திய காவல் நிலைத்துவிட்டது. முதன்முறை அக்காவலில் வைக்கப்படுவோருக்குப் பத்தாண்டு வரம்பு பின்னர் விதிக்கப்பட்டது. 1990களில் பிள்ளைகள் கொலையுண்ட சில வழக்குகள் ஐரோப்பாவை உலுக்கின. 1998இல் ஜெர்மனி அந்தப் பத்தாண்டு வரம்பை நீக்கியது. 2001இல் அந்நாட்டின் தலைமை அமைச்சர் ஷ்ரோடர், இத்தகையோரை என்றென்றைக்கும் பூட்டி வைப்பதே வழி என்று பத்திரிகைப் பேட்டியில் கூறினார். பலரும் அதனை வரவேற்றனர்.

2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதற்கு அணை போட்டது. வரம்பு நீக்கப்படுவதற்கு முன்னர்க் குற்றம் புரிந்தவனைப் புதிய சட்டத்தைக் கொண்டு பின்னோக்கிப் பூட்டி வைத்தல் உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. வழக்காடியவனின் பெயரை மறைத்து நீதிமன்றம் சூட்டிய எழுத்து எது தெரியுமா? ‘எம்’! அவன் பாலியல் குற்றவாளி அல்லன் எனினும், அத்தீர்ப்பு அத்தகையோர் அனைவரையும் தொட்டது. 2011 மே மாதத்தில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமும் அச்சட்டப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்றது. ஆயினும் சிறைக் கதவுகளை உடனே திறந்துவிடுமாறு அது சொல்லவில்லை. தண்டனை முடிந்தவனைக் காவலில் வைக்க வேண்டுமாயின், அது சிறையினின்று தெளிவாக வேறுபட்டிருத்தல் வேண்டும். அவன் விடுதலையை நோக்கி முன்னேறத்தக்க சிகிச்சை அங்கே நடைபெறுதல் வேண்டும் என்று வரையறுத்தது. அதன்படி 2013இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிலவறையில் நகைத்து அடக்கப்பட்ட வாதாடுவோனின் குரல், எண்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் உயர்ந்த மன்றத்தில் செவிமடுக்கப்பட்டது எனலாம்.

சிகிச்சை என்பது யாது?

வாதாடுவோன் மருத்துவரிடம் அனுப்புக என்றான். மருத்துவரால் என்ன இயலும் என்று அவன் சொல்லவில்லை. படமும் சொல்லவில்லை. இன்றைய அறிவு சிலவற்றைச் சொல்கிறது.

இத்தகையோர் அனைவரும் மீண்டும் குற்றம் புரிந்தே தீர்வர் என்பது பரவலான நம்பிக்கை. கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2005இல் எண்பத்திரண்டு ஆய்வுகளைத் தொகுத்து, இருபத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட குற்றவாளிகளின் வரலாற்றை ஆராய்ந்தனர். ஐந்து ஆறு ஆண்டுக் காலத்தில் மறுபடியும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டோர் நூற்றுக்குப் பதினால்வர் அளவிலேயே இருந்தனர். வெளிவராத குற்றங்கள் இதில் சேரா என்பதை நாம் மறக்கலாகாது. என்றாலும், எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர், சிலரே பேரிடர் என்னும் உண்மை இதனால் புலனாகிறது. அந்தச் சிலரைக் கண்டறிந்து அவர்கள்மீது கண்ணும் முயற்சியும் வைப்பதே அறிவுடைமை.

சிகிச்சை என்ற பெயர் பெற்ற அனைத்தும் பயன் தருவதும் இல்லை. இங்கிலாந்துச் சிறைகளில் பல்லாண்டு நடைபெற்ற ஒரு குழுப் பயிற்சித் திட்டத்தை அரசே ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. பயிற்சி பெற்றவருள் நூற்றுக்குப் பத்துப் பேர் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்திருந்தனர். பெறாதவருள் எட்டுப் பேர்! திட்டம் கைவிடப்பட்டது. தன் தோல்வியைத் தானே அளந்து வெளியிட்ட அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். தண்டனையை ஆதரிப்போரும் தம் வழியை இதே தராசில் நிறுத்திக் காட்டினால் நன்று.

ஆண்மை உணர்வைக் குறைக்கும் மருந்துகளும் உள்ளன. கலிபோர்னியா மாநிலம் 1996இல் அவற்றைச் சட்டமாக்கியது. 2016இல் இந்தோனேசியா அவற்றைத் தண்டனையாக்கியபோது, அந்நாட்டு மருத்துவர் சங்கம் தாம் அவ்வூசியைச் செலுத்த இயலாது என்று மறுத்துவிட்டது. மருத்துவன் கை தண்டிக்கும் கை ஆகலாகாது என்பதே அதன் நிலை. மருந்து நின்றால் அதன் பயனும் நின்றுவிடும். காமத்தால் அன்றி, வெறுப்பாலும் ஆதிக்க வெறியாலும் குற்றம் புரிபவனை அது திருத்தவும் செய்யாது. தானே விரும்பி, பிற உளச் சிகிச்சையோடு ஏற்பவனுக்கு மட்டும் அது துணை நிற்கலாம்.

நம் கருத்தை மிகவும் கவர்ந்தது வேறொரு முயற்சி. பெக்கர்ட் உலவியதாகக் காட்டப்பட்ட அதே பெர்லின் நகரில், ஷரிட்டே மருத்துவமனையில் 2005ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள்மீது தகாத நாட்டம் தம்முள் இருப்பதை உணர்ந்து அஞ்சுவோர், குற்றம் புரியும் முன்னரே தாமாக வந்து சிகிச்சை பெறலாம். அவர்களின் பெயர் வெளியிடப்படாது. பின்னர் அது ஜெர்மனியின் வேறு நகரங்களுக்கும் பரவியது. அப்படி ஒரு கதவு இருந்திருப்பின் பெக்கர்ட் அதனைத் தட்டியிருப்பானா என்று நாம் அறியோம். ஆனால், தட்டுவதற்கு ஒரு கதவேனும் இருத்தல் வேண்டாமா? எல்ஸி இறந்தபின் தொடங்கும் வாதத்தைவிட, எல்ஸி உயிரோடிருக்கும்போது தொடங்கும் வேலை மேலானது அன்றோ!

நம் நாட்டு நிலவறை

2012 டிசம்பரில் டில்லியில் நேர்ந்த கொடுமைக்குப் பின் நம் நாட்டிலும் இதே வாதம் வெடித்தது. நீதியரசர் வர்மா தலைமையிலான குழு 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில் ஆண்மை நீக்கத்தை ஏற்க மறுத்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம், இரண்டாம் முறை இக்குற்றம் புரிவோனுக்கு ஆயுள் முடியும்வரை சிறை அல்லது மரணம் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர், பிள்ளைகளைச் சீரழிப்போருக்கு ஆண்மை நீக்கம் பற்றி அரசு எண்ண வேண்டும் என்றார். தண்டனையின் கடுமையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், சிறைக்குள் அவனுக்கு என்ன சிகிச்சை, வெளியே வந்தால் யார் கண்காணிப்பு என்பதைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

2019 டிசம்பர் 6ஆம் நாள் விடியலில், ஹைதராபாத் அருகே பெண் மருத்துவர் ஒருவரைச் சீரழித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் காவலர்மீது பூக்களைத் தூவினர்; இனிப்பு வழங்கினர். உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2022இல் வெளிவந்தது. கொல்லும் நோக்குடனேயே சுடப்பட்டது என்றும், இறந்தவருள் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றும் அது கண்டது. லாங்கின் நிலவறையில் காவலராவது இறுதியில் வந்து சட்டத்தின் பெயரால் கை வைத்தனர். இங்கோ நிலவறையை நடத்தியவர்களே காவலர்! குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்னும் வினா பூக்களுக்கு அடியில் புதைந்துபோயிற்று.

கொடியவனிடம் இரங்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பிள்ளையைச் சிதைத்தவன் தண்டனைக்கு உரியவனே. ஆபத்தானவன் அடைத்து வைக்கப்பட வேண்டியவனே. தண்டனை மட்டும் அடுத்த பிள்ளையைக் காக்காது என்றே சொல்கின்றோம். குற்றம் சாட்டப்படுபவன் உறவினன் என்றதும் “குடும்ப மானம்” என்று வாயை மூடிக்கொள்வதும், அந்நியன் என்றதும் “கொல்லு” என்று கூவுவதும் ஒரே கோழைத்தனத்தின் இரு முகங்கள். தண்டனை எவ்வளவு கொடியதாகிறதோ, அவ்வளவுக்குச் சொந்தக்காரனைக் காட்டிக் கொடுக்கும் நா தயங்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தூக்குக் கயிற்றை அஞ்சி மறைக்கப்படும் ஒவ்வொரு குற்றமும் அக்கொடியவனுக்குக் கிடைக்கும் இன்னொரு வாய்ப்பு.

படத்தின் நீதிபதிகள் மக்களின் பெயரால் என்று தொடங்கி நிறுத்திக்கொண்டனர். மக்கள் என்போர் யார்? நிலவறையில் ஊளையிட்டோரும் மக்களே. சீழ்க்கையைக் கேட்டு அடையாளம் சொன்னவரும் மக்களே. நம் வீடுகளில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி, “வாப்பா, அந்த மாமா வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்லும்போது நாம் எவராக இருக்கிறோம் என்பதே வினா. அந்தச் சொல்லை அதட்டாமல் கேட்டு, மூடி மறைக்காமல், உரிய இடத்தில் முறையிடும் வீட்டில்தான் லாங் எழுதாமல் விட்ட தீர்ப்பின் முதல் வரி எழுதப்படுகிறது.